நான் திருத்திய சொல்

பாண்டிச்சேரியில் நான் இருந்தது மொத்தம் பதினோரு மாதம். அறுபத்தோரு வயதில் போனேன். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஐந்து ஆண்டுகளைத் தவிர்த்தால், அதுவரை என் வாழ்க்கை சிவகாசி அச்சகங்களுக்குள்ளேயே கழிந்திருந்தது. காலண்டர், தீப்பெட்டி லேபிள், மத்தாப்புப் பெட்டி, ஊதுபத்தி உறை என்று நாற்பது வருடம் எழுத்து வரைந்தேன். முதலில் தூரிகையால், பிறகு கம்ப்யூட்டரில். ஓய்வு பெற்று, சாத்தூருக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் சும்மா இருந்தபோது, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அட்டைப் பெட்டி செய்யும் ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். அவர் செய்கிற பெட்டிகள் அத்தனைக்கும் புது முகம் வேண்டுமாம், ஒரு வருடம் வந்து இருங்கள் என்றார். "போய்க் கடலைப் பார்த்துட்டு வாங்க" என்று மனைவி அனுப்பிவைத்தாள்.

அந்த ஊரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இனிமையாகத்தான் வருகிறது. அது நியாயமில்லை. அங்கே எனக்கு வீடு கொடுத்து, மூன்று வேளையும் சோறு போட்ட ஒரு பெண்மணியை, அவருடைய சொந்த மனிதர்கள் முன்னால் நான் தலைகுனிய வைத்தேன். தெரியாமல் தொடங்கியது. தெரிந்தே முடித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆனால் ஊரை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கரிசல் காட்டில் பிறந்தவன் கண்ணுக்கு அது பெரிய நகரம். சென்னைக்காரர்கள் அதைச் சின்ன ஊர் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. எங்கள் பக்கம் ஒரு சுவரில் ஒரு நிறம் இருக்கும், அதுவும் வெயிலில் வெளுத்து எந்த நிறம் என்று தெரியாமல் போயிருக்கும். இங்கே தெருவுக்குத் தெரு மஞ்சள் மாறியது. கடற்கரைப் பக்கத்து மஞ்சளில் கொஞ்சம் காவி கலந்திருக்கும். முத்தியால்பேட்டை மஞ்சள் எலுமிச்சை மாதிரி, அதன் மேல் அரசியல் போஸ்டர், பூப்பு நீராட்டு போஸ்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அடுக்கடுக்காக. முதல் மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்தேன். தெருப் பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் ஒரே நீலத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. பிரெஞ்சு எழுத்து நிமிர்ந்து நிற்கும், தமிழ் எழுத்து இடம் போதாமல் கொஞ்சம் ஒடுங்கி நிற்கும். அந்த ஒடுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதை வரைந்து வரைந்து பார்த்தேன்.

குடியிருந்தது முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி. கீழே வீட்டுக்காரர்கள். தெரு அவ்வளவு குறுகல், எதிர்வீட்டு டிவியில் என்ன ஓடுகிறது என்பது என் வீட்டுச் சுவரில் நிறமாகத் தெரியும். காலை ஆறரைக்கு வைத்திக்குப்பத்திலிருந்து மீன்காரம்மா வருவார். மொபெட்டின் பின்னால் அலுமினிய அன்னக்கூடை, அதன் மேல் ஈரச் சாக்கு. அவர் ஹாரன் அடிக்க மாட்டார். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "சங்கரா, கெளுத்தி, நெத்திலி" என்று ஒரே மூச்சில் சொல்லுவார். எங்கள் ஊரில் கருவாடுதான் மீன். வீட்டுக்கார அம்மா வாரத்தில் நாலு நாள் எனக்கு மீன் போட்டார். முள் எடுக்கத் தெரியாமல் நான் திணறுவதைப் பார்த்து அவர் கணவர் சொல்வார்: "சார், அது லேபிள் இல்ல, உரிச்சு எடுக்கறதுக்கு. அப்படியே வாய்ல போடுங்க, முள்ளு தானா வெளிய வரும்."

தட்டாஞ்சாவடிக்கு டெம்போவில் போவேன். எதிரெதிர் இருக்கை, முழங்காலோடு முழங்கால் இடிக்கும். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரு நாள், எதிரில் இருந்த பெண்ணின் பையிலிருந்து நான் வரைந்த சோப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. கடைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அச்சடித்து லாரியில் ஏற்றியிருக்கிறேன், ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் மடியில் என் எழுத்தைப் பார்த்தது அன்றுதான். நான் அதையே பார்ப்பதைக் கவனித்து அந்தப் பெண் பையை இழுத்து மூடிக்கொண்டார்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதை அப்போது நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். எழுத்துப் பிழையைக் கண்டால் சும்மா போக மாட்டேன். டீக்கடைப் பலகையில் ஒற்று விட்டிருந்தால் சாக்பீஸ் வாங்கிப் போட்டுவிடுவேன். தட்டாஞ்சாவடி பெட்டிக் கம்பெனியின் அச்சகத்தில் எல்லாருடைய பேச்சையும் திருத்துவேன். "இஸ்துக்கினு வா" என்றால், "இழுத்துக்கொண்டு வா" என்பேன். அவர்கள் கோபப்படவில்லை. "கரெக்‌ஷன் சார்" என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயரில் எனக்கு உள்ளுக்குள் பெருமை.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள். அதனால் இவர் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். பேசுவது முத்தியால்பேட்டைத் தமிழ்தான், ஆனால் தமிழில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். மளிகைச் சீட்டில் துவரம் பருப்பைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதுவார். கணவர் வீட்டில் எல்லாரும் தமிழில் படித்தவர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இவர் எழுதிய ஒரு கடிதத்தை நாத்தனார் கூடத்தில் வைத்து உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தாராம். அந்த நாத்தனார் இப்போது குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். அங்கே போன பிறகும் சிரிப்பை விடவில்லை. இதை அந்த அம்மாவே என்னிடம் சொன்னார், கீரை ஆய்ந்துகொண்டே, சாதாரணமாக. அவருக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அக்டோபரில் முதல் மழை பெய்த அன்று மாடிக்கு வந்தார். கையில் மடித்த நோட்டுத் தாள்.

"சார், ஒரு உதவி கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"டவுன்ல பீச்சாண்ட ஒரு மதாம் கட வெச்சிருக்காங்க. டூரிஸ்ட்டுங்கதான் நெறைய வருவாங்க. நொவேலுக்கு நம்ம விவிக்கத்த வெச்சு விக்கறேன்றாங்க. ஆனா சும்மா பிளாஸ்டிக் கவர்ல குடுத்தா வேணாமாம். பேரு போட்ட பொட்டி வேணுமாம்."

மதாம் என்றால் பிரெஞ்சுக்காரப் பெண்மணி, நொவேல் என்றால் கிறிஸ்துமஸ். விவிக்கம் என்பது அந்த ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கேக். ரவை, நெய், முந்திரி, ரம்மில் பல நாள் ஊறிய திராட்சை, ஆரஞ்சுத் தோல். அந்த வீட்டில் ஒரு ஜாடி சமையலறை மேடையில் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை நான் அதற்கு முன்பே பலமுறை அவர்கள் வாயில் கேட்டிருக்கிறேன்.

"பேரு மேல தமிழ்ல பெருசா வரணும் சார். கீழ பிரெஞ்சுல கிறிஸ்துமஸ் கேக்குனு சின்னதா போதும். நாத்தனா இந்த வருசம் வர்றாங்க. அவுங்க டவுனுக்குப் போறப்போ அது கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கணும். தமிழ்ல இருக்கணும். அவ்ளோதான்."

தாளைப் பிரித்தேன். இரண்டு முறை எழுதி அடித்து, மூன்றாவது முறை கவனமாக எழுதியிருந்தார்: விவிக்கம்.

"ஃபோத் இருந்தா திருத்திடுங்க சார்" என்றார். பிழைக்கு அவர் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரெஞ்சுச் சொல்தான். சொல்லெழுதும் பாடத்தில் ஒவ்வொரு ஃபோத்துக்கும் ஒரு சிவப்புக் கோடாம். பயந்துகொண்டே பள்ளிக்குப் போவாராம்.

பெட்டியை நான் ஆசையாகச் செய்தேன். என் மேசையில் அந்த வருடம் கிடந்த வேலைகளிலேயே அது ஒன்றுதான் எனக்குப் பிடித்த ஆளுக்காகச் செய்த வேலை. பின்னணிக்கு அந்தக் காவி கலந்த மஞ்சள். எழுத்துக்கு, தெருப் பலகையில் பார்த்த ஒடுங்கிய தமிழ். ஆனால் சொல் அமையவில்லை. 'விவிக்கம்' என்று எழுதிப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, அடுத்த இரண்டும் அப்படியே, மேலே இரண்டு புள்ளி. வேலிக் கம்பு நட்ட மாதிரி இருந்தது. நான்கு நாள் மல்லுக்கட்டினேன். ஐந்தாம் நாள் பென்சில் தானாக 'விவேகம்' என்று எழுதியது. நடுவில் ஒரு இரட்டைக் கொம்பு, இரண்டு சுழியோடு. கொம்பு வரைவதில் எனக்குச் சிவகாசியில் பெயர் உண்டு. அந்தக் கொம்பு வந்ததும் மொத்தப் பெட்டியும் எழுந்து உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் காரணம் தேடினேன். விவிக்கம் என்று தமிழில் ஒரு சொல் இல்லை, விவேகம்தான் பேச்சில் தேய்ந்து அப்படி ஆகியிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அகராதியைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தாலும் அதில் ஒரு ஊர்க் கேக்கின் பெயர் இருந்திருக்காது.

படத்தைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது என்னா சார், வே போட்டிருக்கீங்க?"

"விவேகம். அதுதாம்மா சரியான சொல். விவிக்கம்னு தமிழ்லே சொல்லே கிடையாது. விவேகம்னா நல்ல புத்தி, பகுத்துப் பார்க்கிற அறிவு. பண்டிகைப் பலகாரத்துக்கு அந்தக் காலத்துலே அப்படிப் பேர் வச்சிருப்பாங்க. வாய்வழியா வந்து வந்து சிதைஞ்சு போச்சு."

"அப்போ இத்தினி வருசமா நாங்க தப்பாவா சொல்லிக்கினு இருந்தோம்?"

"நீங்க மட்டும் இல்லம்மா. ஊரே."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மெதுவாகத் தெளிந்தது. ஊரே தப்பாகச் சொல்கிற ஒன்றைத் தான் மட்டும் சரியாகத் தெரிந்துகொண்ட சந்தோஷம் அது. "விவேகம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்குது சார். மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் அவரிடம் பாடம் எடுப்பது மாடிவரை கேட்டது. "சாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டு, இரும்புக் குண்டுகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு பெத்தாங் என்கிற குண்டு விளையாட்டு ஆடப் போனார்.

இதுவரை நடந்தது அறியாமையும் கர்வமும். இனிமேல் வருவது வேறு.

பெட்டி நவம்பர் கடைசியில் எங்கள் அச்சகத்திலேயே அச்சுக்குப் போனது. மெஷின் ஓட்டுகிறவர் முத்தியால்பேட்டைக்காரர், அதே கோயில், அதே தெருவுக்குப் பின்தெரு. அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கார அம்மாவும் ஒன்றாக மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். நான் என் மேசையில் இருந்தேன். அவர் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே வந்தார்.

"என்னா சார் இது, விவேகம்?"

"கேக் பேரு."

"கேக்குக்கு எதுக்கு சார் விவேகம்? உள்ள ரம்மு ஊத்தியிருக்குது. துன்னா இருக்கற விவேகமும் போயிடும்." சிரித்து முடித்துவிட்டு, "இது விவிக்கம் சார். முத்தியால்பேட்டையில எந்த வூட்ல வேணா கேளுங்க. என்னா அர்த்தம்னுலாம் எனக்குத் தெரியாது. பேரு அதான். சப்பாத்திக்கு என்னா அர்த்தம்? அந்த மாதிரி."

அவர் சொன்ன அந்த நிமிடமே அவர் சொல்வது சரி என்று தெரிந்துவிட்டது. பெயர் அதுதான், அவ்வளவுதான்.

"மெஷின நிறுத்திட்டேன்" என்றார். "நூறு ஷீட்டுதான் ஓடியிருக்குது. நாளைக்கு மத்தியானம் வேற பிளேட்டு போட்டுக்கலாம். ஒண்ணும் கெட்டுப்போவல."

நாற்பது வருடத்தில் என் எழுத்துக்காக ஒரு மெஷின் நின்றதில்லை. சுற்றி நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நான் திருத்தியவர்கள்.

"பார்ட்டி எழுதிக் குடுத்ததே அப்படித்தான்" என்றேன். "அப்படியே ஓட்டுங்க."

"யாரு, அக்காவா?" அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "சரி. அவுங்க பிரெஞ்சு ஸ்கூலு. தமிழு அவ்ளோதான் போல."

மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எனக்கு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் அந்த ஊரில் மிக அழகான மாதம். மழை கழுவிவிட்ட சுவர்கள். வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு. எங்கள் தெருவில் இந்து வீடுகளிலும் ஒன்றிரண்டு தொங்கின. கீழ் வீட்டில் நெய்யும் ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வாசனை என் மாடி மெத்தைவரை ஏறியிருந்தது. நான் பெட்டிகளை மடித்துக் கொடுத்தேன். கணவர் அளவெடுத்துக் கேக்கை வெட்டினார். அந்த அம்மா எண்ணெய்த் தாளில் சுற்றி உள்ளே வைத்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வேலை செய்த அந்த நான்கைந்து நாளைப்போல் என் சொந்த வீட்டிலும் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. ஒவ்வொரு பெட்டியை மடிக்கும்போதும் அந்தச் சொல் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன ஒட்டுத்தாள் அடித்து மேலே ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கடையில் அடுக்கிய அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். கணவரின் ஸ்கூட்டரில் அந்த அம்மா, பின்னால் ஆட்டோவில் நான். கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு பெட்டிகள் கோபுரமாக. அவர் உள்ளே போகவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு மரத்தடியில் நின்று பார்த்தார். "இங்கேர்ந்தே படிக்க முடியுது சார்" என்றார்.

நாத்தனார் இருபதாம் தேதி வாக்கில் வந்து சேர்ந்தார். கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். கூடத்தில் நீள மேசை, பிரியாணி, வாத்துக் கறி, கடைசியாக ஒரு தட்டில் கேக். நாத்தனார் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணி, இது விவிக்கமா, விவேகமா? நேத்து பூச முடிஞ்சு வர்றப்போ பிரஸ்ல மெஷின் ஓட்டுறவரு சம்சாரம் சொல்லுது. நீதான் அப்படி எழுதிக் குடுத்தியாமே? கேக்குக்கே புத்தி வந்துடுச்சுன்னு கோயில்ல எல்லாரும் ஒரே சிரிப்பு."

மேசை முழுக்கச் சிரிப்பு. பொல்லாத சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பண்டிகைச் சிரிப்புதான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "நான் எழுதிக் குடுத்தேன்னு யாரு சொன்னது? பொய்யி! நான் விவிக்கம்னுதான் எழுதினேன். உங்களுக்குத்தான் தெரியல. சரியான வார்த்த விவேகம்தான். ஊரே தப்பா சொல்லுது."

"ஊரே தப்பு, நீ மட்டும் சரி. எப்போலேர்ந்து அண்ணி நீ தமிழ் பண்டிட் ஆனே?"

"நான் சொல்லல. சாரு சொன்னாரு. படிச்சவரு. நாப்பது வருசமா எழுத்து வேலையே செய்யறவரு." என் பக்கம் திரும்பினார். முகத்தில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. "சார், நீங்களே சொல்லுங்க."

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: அவங்க சரியாத்தான் எழுதினாங்க, நான்தான் மாத்தினேன். மனதுக்குள் அது முழுதாக இருந்தது. என் வாயிலிருந்து வந்தது, "அப்படியும் சொல்லலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் அவர் எழுதியது என்ன என்பதும் இல்லை, நான் செய்தது என்ன என்பதும் இல்லை. நாத்தனார் மரியாதைக்கு எனக்கு முன்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கணவர், "சரி சரி, கேக்கு காயுது, துன்னுங்க" என்றார். அந்த அம்மா இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

நான் சாப்பாடு முடிந்ததும் கடற்கரைக்குப் போய்விட்டேன். வைத்திக்குப்பத்தில் அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. வெயில் தாழும்வரை ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சோறு வேளைக்கு வந்தது. மீன் வந்தது. புது வருடத்துக்கு அக்கம்பக்கம் வீடுகளுக்குக் கேக் கொடுத்தபோதுதான் கவனித்தேன். மிச்சமிருந்த பெட்டிகளை அவர் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடித்திருந்தார். மஞ்சளும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் சாம்பல் நிற அட்டை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கும்போது, "இந்தா, கேக்கு" என்றார். விவிக்கம் என்றும் சொல்லவில்லை, விவேகம் என்றும் சொல்லவில்லை. ஜனவரிக் கடைசியில் நான் கிளம்பும் வரையில் அந்த இரண்டு சொல்லையும் அவர் வாயில் நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு எனக்கும் அப்படி ஒரு சாம்பல் பெட்டி கொடுத்தனுப்பினார்.

ஊருக்கு வந்து நான்கு கிறிஸ்துமஸ் கழிந்தன. ஒவ்வொரு டிசம்பரிலும் போனை எடுத்து வாழ்த்து மட்டும் சொல்வேன். அவர் கணவர்தான் பேசுவார். பாண்டிச்சேரியைப் பற்றி என் மனைவியிடம் ஆயிரம் சொல்லியிருக்கிறேன், மீன்காரம்மா, டெம்போ, நட்சத்திரங்கள். இதைச் சொன்னதில்லை. போன டிசம்பரில் என்னவோ, அம்மாகிட்ட குடுங்க என்று கேட்டேன்.

"கரெக்‌ஷன் சாரு. உங்கிட்ட பேசணுமாம்" என்று கணவர் சொல்வது கேட்டது. பிறகு அந்த அம்மா.

"சொல்லுங்க சார். நல்லாருக்கீங்களா? வூட்ல நல்லாருக்காங்களா?"

கடைக்கு இந்த வருடம் கேக் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் குடுக்கறதில்ல சார். பொட்டி இல்லாம அவுங்களும் வெக்க மாட்டாங்க."

நான் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு படிப்பதுபோல, வரிசையாகச் சொன்னேன். கொம்புக்காக மாற்றியதை. மெஷின்காரர் நிறுத்திச் சொன்னதை. அவர் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரிந்ததை. நீங்கள் எழுதிக் கொடுத்ததாக நான் சொன்னதை.

அவர் குறுக்கே பேசவில்லை. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை மூடினார்கள்.

"அப்போ சாப்பாட்டு மேசையில நான் உங்கள கேட்டேனே, அப்பவே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"நீங்களும் தெரியாமத்தான் சொல்லிட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"இல்லம்மா."

"நான் எழுதிக் குடுத்தேன்னு சொன்னது நீங்க. அந்த மெஷின் ஓட்டற அண்ணன் இல்ல."

"நான்தான்."

"நாலு வருசமா அவர் கூட நான் பேசறதில்ல சார்." குரல் உயரவே இல்லை. "எம்மேல அபாண்டமா பொய் சொல்லிட்டாருன்னு. கோயில்ல எதிர்ல வந்தா மூஞ்ச திருப்பிக்கினு போயிடுவேன். அவரு சம்சாரத்தையும் வூட்டாண்ட சேக்கல. அந்தப் பொண்ணு ரெண்டு தடவ வாசல்ல வந்து நின்னுது சார். நான் கதவ தொறக்கல."

எனக்கு இது தெரியாது. அவரைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று மட்டும்தான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் போயி அவுங்களாண்ட மன்னிப்பு கேக்கணும்" என்றார். "வெச்சிடறேன் சார்."

நீங்கள் எதற்கு, நான் கேட்கிறேன் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

அந்த மெஷின்காரர் எண் என்னிடம் இருந்தது. அன்றே பேசியிருக்கலாம். என்ன சொல்வது என்று இரவெல்லாம் வார்த்தை கோத்துவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்குப் பேசினேன். அவர் உடனே எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அக்கா நேத்தே வந்துட்டுப் போனாங்க. மழையில நனைஞ்சுக்கினே வந்தாங்க. எங்க வூட்டம்மாவப் புடிச்சுக்கினு ஒரே அழுக."

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வேற எதனா இருக்குதா சார்?" என்று கேட்டார்.

இருந்தது. இல்லை என்று சொன்னேன்.